13லேர்ந்து 16 வயசு பசங்களுக்கு ஒரே ஒரு டிஸ்டோபியன் நாவல் சொல்லுங்க

தண்டையார்பேட்டை வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருவுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டு மொட்டைமாடில பசங்களோட சேர்ந்து உக்காந்து புக் படிக்கறோம். எட்டாவதுலேர்ந்து பதினொண்ணாவது வரைக்கும் படிக்கற பசங்க, பாதி பேர் கார்ப்பரேஷன் ஸ்கூல் தமிழ் மீடியம், பாதி பேர் இங்கிலீஷ் மீடியம், கொஞ்ச பேர் ஃபுட்பால் ஆடிட்டு அப்படியே வேர்வையோட வந்து உக்காருவாங்க. இதுவரைக்கும் சிறுகதை, துப்பறியும் கதைன்னு போயிட்டிருந்துச்சு. இப்ப அவங்களே கேக்கறாங்க, "அக்கா, ஊர் மொத்தத்தையும் யாரோ கன்ட்ரோல் பண்ணுவாங்க, நம்ம வயசு பையனோ பொண்ணோ எதுத்து நிப்பாங்கல்ல, அந்த மாதிரி ஒண்ணு படிக்கலாம்"னு. ஹங்கர் கேம்ஸ் படத்த ரெண்டு மூணு பேர் பாத்துட்டு வந்து மத்தவங்களுக்கு கதை சொல்லிட்டாங்க, அதுலேர்ந்து புடிச்ச ஆசை.

இந்த மாதிரி கதைக்கு டிஸ்டோபியன்னு பேர், டீனேஜ் பசங்களுக்கு எழுதறத யங் அடல்ட்னு சொல்றாங்க, அப்படி தேடினா எங்க பாத்தாலும் அதே பத்து புக்குதான் திரும்பத் திரும்ப வருது. எனக்கு லிஸ்ட் வேணாங்க. ஒரே ஒரு புக்கு, ஏன் அதுன்னு காரணத்தோட சொல்லுங்க. ரொம்ப குண்டா இருக்கக் கூடாது. ரெண்டு பசங்கள்ல யார லவ் பண்றதுன்னே பாதி புக்குக்கு ஒரு பொண்ணு யோசிச்சிட்டு இருக்கற கதை வேணாம். சோகம் இருக்கட்டும், ஆனா முடிக்கும்போது "அவ்ளோதான், நம்மால ஒண்ணும் ஆவாது"ன்னு பசங்க எழுந்து போயிடக் கூடாது, இந்த வயசுலயே நெறைய பாத்த பசங்க இவங்க. இங்கிலீஷ் புக்கா இருந்தா பரவால்ல, நான் சத்தமா படிச்சு நடுநடுவுல தமிழ்ல சொல்லிடுவேன்.

ராயபுரம் ரீடர்:

படம் பாத்துட்டாங்கன்னு ஹங்கர் கேம்ஸ ஒதுக்கிடாதீங்க சிஸ்டர். சூசன் காலின்ஸ் 2008ல எழுதின முதல் புக்க மட்டும் எடுத்துக்குங்க. படத்துல சண்டை பெருசா தெரியும், புக்குல பசி பெருசா தெரியும்.

அந்த குலுக்கல் சீட்டு விஷயத்த மட்டும் சொல்றேன், புக்குல முதல் அத்தியாயத்துலயே வந்துடும். குலுக்கல்ல பேர் வந்த புள்ளைங்கள ஒருத்தர ஒருத்தர் கொல்ற போட்டிக்கு அனுப்பி, அத டிவில காட்டுவாங்க. 12 வயசு ஆயிட்டா குலுக்கல்ல உன் பேர் ஒரு சீட்டு, அடுத்த வருஷம் ரெண்டு, இப்படி 18 வயசு வரைக்கும் ஏறும், இது எல்லா புள்ளைங்களுக்கும் பொது. ஆனா வீட்ல அடுப்பு எரியலன்னா நீ எக்ஸ்ட்ரா சீட்டு போட்டுக்கலாம், ஒரு சீட்டுக்கு ஒரு ஆளுக்கு வருஷத்துக்குன்னு கொஞ்சம் தானியம், கொஞ்சம் எண்ணெய் தருவாங்க. போட்ட சீட்டு எதுவும் வெளிய வராது, அடுத்தடுத்த வருஷமும் உள்ளயே கெடக்கும். ஹீரோயின் காட்னிஸ் 12 வயசுலயே தனக்கு, தங்கச்சிக்கு, அம்மாவுக்குன்னு மூணு எக்ஸ்ட்ரா போட்டு நாலு சீட்டு. 16 வயசுல அவ பேர் 20 தடவ இருக்கு. அவ ஃப்ரெண்டு கேலுக்கு 18 வயசு, வீட்ல அவனோட சேத்து அஞ்சு வாய், அவன் பேர் 42 தடவ. மேயர் பொண்ணும் காட்னிஸ் வயசுதான், அவளுக்கு அஞ்சு.

பசங்ககிட்ட பேப்பர் பென்சில் குடுத்து இந்த 20ம் 42ம் எப்படி வருதுன்னு போடச் சொல்லுங்க, சரியா வரும். ரேஷன் கடை க்யூல பாமாயிலுக்கு கேன் தூக்கிட்டு நின்ன புள்ளைக்கு இதுக்கு மேல நீங்க ஒரு வார்த்த விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. குலுக்கல் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு மேடைல சொல்லுவாங்க, ஆனா ஏழை வீட்டு புள்ள பேருதான் பானைல நெறைய கெடக்கும். அந்தக் கணக்கு புரிஞ்சா போதும், பாக்கி புக்க அவங்களே இழுத்துட்டுப் போயிடுவாங்க.

லவ் இருக்கு, ஆனா முதல் புக்குல பாதி கேமராவுக்காக பண்றது, அதுவும் கதைக்கு தேவையாதான் இருக்கு. மூர் மார்க்கெட் பழைய புக் கடைங்கள்ல இது அடிக்கடி கண்ணுல படும், ரெண்டு மூணு காப்பி சேந்தாப்ல கூட கெடைக்கலாம்.

காசிமேடு கடலோரம்:

அக்கா, ஒரே புக்குன்னு கேட்டீங்க இல்ல, கண்ண மூடிட்டு சொல்றேன், ஷிப் பிரேக்கர். பாவ்லோ பாச்சிகலூப்பி எழுதினது, 2010ல வந்துச்சு, அமெரிக்காவுல டீனேஜ் புக்குக்கு குடுக்கற பிரின்ட்ஸ் அவார்டு 2011ல இதுக்குதான் குடுத்தாங்க. நீங்க பாத்த லிஸ்ட்ல எல்லாம் இது பின்னாடி எங்கயாவது இருக்கும், இல்ல இருக்கவே இருக்காது, ஏன்னா இத பெரிய படமா யாரும் எடுக்கல.

கதை இன்னான்னா, பெட்ரோல் டீசல் எல்லாம் தீந்து போன காலம், கடல் ஏறி ஊருங்க முழுகிப் போச்சு, பழைய காலத்து எண்ணெய்க் கப்பலுங்க கரைல துருப்புடிச்சு கெடக்கு. அத பிரிச்சு எடுத்து விக்கறதுதான் கரையோர ஜனங்களுக்கு பொழப்பு. ஹீரோ பேர் நெய்லர், சின்னப் பையன், லைட் க்ரூன்னு ஒரு கூட்டத்துல வேல. சின்ன உடம்பு இருக்கற பசங்கள கப்பலுக்குள்ள ஓடற குழாய்க்குள்ள அனுப்புவாங்க, அவங்க தவழ்ந்து போய் காப்பர் வயர உருவிட்டு வரணும். முதல் பக்கத்துலயே அவன் குழாய்க்குள்ளதான் இருக்கான், நெத்தில மினுக்கற பெயின்ட்ட தடவிட்டு அந்த வெளிச்சத்துல போறான், மூச்செல்லாம் தூசி, வயர புடிச்சு இழுக்கறான், வெளிய க்ரூ காத்துட்டு நிக்குது, ஏன்னா அன்னிக்கு இவ்ளோ காப்பர்னு கோட்டா இருக்கு. அவனுக்கு இருக்கற பெரிய பயம் பேயோ போலீஸோ இல்ல, தான் வளந்துட்டோம்ங்கறது. கொஞ்சம் பெருசாயிட்டா குழாய்க்குள்ள நொழைய முடியாது, லைட் க்ரூலேர்ந்து தூக்கிடுவாங்க. இரும்பு எடுக்கற ஹெவி க்ரூவுக்கு போறதுக்கு அவன் உடம்பு பத்தாது. வளர்றதுக்கு பயப்படற ஒரு பையன நான் வேற எந்த புக்குலயும் பாத்ததில்ல.

நம்ம பக்கத்துல காயலான் கடைக்கு எடைக்குப் போட வயர கொளுத்தி ரப்பர் எரிஞ்சப்புறம் காப்பர எடுக்கற பசங்கள நாம எல்லாரும் பாத்திருக்கோம். அந்த நாத்தம் எப்படி தொண்டைல ஒட்டும்னு எனக்கும் தெரியும் உங்க மாடில உக்கார்ற பசங்க பாதி பேருக்கும் தெரியும். அந்த பசங்க ஒரு புக்குக்கு ஹீரோவா இருக்க முடியும்னு யாரும் இவங்களுக்கு சொல்லல அக்கா, எனக்கும் சின்ன வயசுல யாரும் சொல்லல. நான் படிச்ச கதைல எல்லாம் ஹீரோ ஹாஸ்டல்ல இருப்பான், இல்ல அரண்மனைல இருப்பான்.

இன்னொண்ணு சொல்லணும். நெய்லர் கப்பல் உள்ள ஒரு ரூம்ல தேங்கி நிக்கற எண்ணெய்ல விழுந்துடறான், கழுத்து வரைக்கும் எண்ணெய், சுவத்துல புடிக்க ஒண்ணும் இல்ல, வழுக்குது. கூட வேல செய்யற பொண்ணு ஸ்லாத் அங்க வந்து அவன் குரல கேக்கறா. அந்த எண்ணெய் ஒரு புதையல் மாதிரி, அத வித்தா அவ இந்த பொழப்புலேர்ந்தே வெளிய போயிடலாம். அவ கொஞ்ச நேரம் யோசிக்கறா. அப்புறம் அவன விட்டுட்டு போயிடறா. எப்படி தப்பிக்கறான்னு நான் சொல்லல, ஆனா அந்த யோசிக்கற நேரம் இருக்கு பாருங்க, அங்க புக்க மூடி வச்சிட்டு பசங்ககிட்ட "நீயா இருந்தா?"ன்னு கேளுங்க. பின்னாடி அதே கேள்வி அவனுக்கே வரும். புயல்ல ஒரு பணக்காரக் கப்பல் வந்து ஒதுங்கும், உள்ள ஒரு பொண்ணு, விரல் பூரா மோதிரம், செத்துட்டான்னு நெனச்சு விரல வெட்டி எடுக்கப் போவாங்க, அப்பதான் உசுரு இருக்கறது தெரியும். அவ செத்தா கப்பல் இவங்களுது. மீதிக் கதை பூரா அங்கேர்ந்துதான் போவுது.

2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கிச்சே, எர்ணாவூர் கரைல பாறை இடுக்குலேர்ந்து ஜனங்க வாளில அள்ளினத நேர்ல பாத்தவன் நான். கெட்டியா தார் மாதிரி இருக்கும், கைல பட்டா சோப்பு போட்டாலும் போவாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல திரும்ப எண்ணெய், போட்டு பூரா கறுப்பு, வல பூரா கறுப்பு. எப்பயோ வரப்போற காலம்னு இந்த புக்க வேற ஊர்ல படிப்பாங்க, நமக்கு அது பக்கத்து தெரு. கப்பல பிரிக்கற வேலையும் கற்பனை இல்ல, குஜராத்ல அலாங்க்ல, பங்களாதேஷ்ல சிட்டகாங்க்ல கடல் ஏத்தத்துல கப்பல கரைக்கு ஓட்டி ஏத்தி இன்னிக்கும் பிரிக்கறாங்க. எழுதினவரு அந்த வேலைய தூக்கி அமெரிக்கா கரைல வச்சு, அவங்க ஊரு புள்ளைங்க கைல குடுத்துட்டாரு. அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது.

வியாசர்பாடி டீச்சர்:

காசிமேடு தம்பி எழுதினது படிக்கவே நல்லா இருந்துச்சு, அந்த புக்கு நல்ல புக்குதான். ஆனா முதல் புக்கா அத வைக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. நம்ம பசங்களுக்கு எத எடுத்தாலும் எண்ணெய், சாக்கட, புகை, காயலான் கடை, ரவுடி. படத்துல வட சென்னைன்னாலே இதுதான் வரும். புக்குலயும் அதையே எடுத்து நீட்டணுமா? தன்ன பாக்கறதுக்கு மட்டும்தான் படிக்கணும்னு இல்ல, தனக்கு சுத்தமா சம்பந்தமே இல்லாத ஒரு இடத்துக்குள்ள போய் அத எட போட்டு தீர்ப்பு சொல்ற உரிமையும் இந்த புள்ளைங்களுக்கு உண்டு.

அதனால நான் சொல்றது தி கிவர். லோயிஸ் லோரி, 1993ல வந்தது, அடுத்த வருஷமே அமெரிக்காவுல சிறுவர் புக்குக்கு குடுக்கற நியூபெரி மெடல் வாங்கிச்சு. மெல்லிசான புக்கு, இங்கிலீஷ் ரொம்ப எளிமை, எட்டாவது தமிழ் மீடியம் புள்ளைக்கு கூட ஒரு பக்கத்துக்கு நாலு வார்த்தை சொன்னா போதும், மத்தத புடிச்சுக்குவாங்க.

அந்த ஊர்ல பசி இல்ல, சண்டை இல்ல, யாரும் யாரையும் திட்ட மாட்டாங்க, தப்பு பண்ணா மன்னிப்பு கேப்பாங்க, வீட்டுக்கு ஒரு பையன் ஒரு பொண்ணு, ஒன்பது வயசானா எல்லா புள்ளைக்கும் ஒரு சைக்கிள். முதல் சில அத்தியாயம் வரைக்கும் பசங்க "மிஸ், இந்த ஊரு சூப்பரா இருக்கு மிஸ், இதுல என்ன மிஸ் பிரச்சனை"ன்னு கேப்பாங்க, கேக்கட்டும், கேக்கணும். அப்புறம் ஹீரோ பையன் ஜோனஸ் ஒரு ஆப்பிள தூக்கிப் போட்டு ஆடிட்டு இருக்கும்போது அது ஒரு நிமிஷம் என்னமோ மாறின மாதிரி அவனுக்கு தெரியும், என்னன்னு அவனால சொல்ல முடியாது, பூதக்கண்ணாடி வச்செல்லாம் பாப்பான். நமக்கும் தெரியாது. பின்னாடிதான் தெரியும், அது சிவப்பு. அந்த ஊர்ல கலரே கெடையாது, அது வரைக்கும் நாம படிச்சிட்டு வந்த எந்த பக்கத்துலயும் கலர் இல்ல, நாம அத கவனிக்கவே இல்ல. என் கிளாஸ்ல இந்த எடம் வந்தப்ப ஒரு பொண்ணு புக்க வாங்கி முதல் பக்கத்துலேர்ந்து விரல் வச்சு தேடிட்டு வந்தா, எங்கயாவது ஒரு கலர் பேர் இருக்கான்னு. ஒரு புக்கு ஒரு புள்ளைய அப்படி திரும்ப முன்பக்கத்துக்கு ஓட வச்சா அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அந்த ஊர்ல 12 வயசுல நீ என்ன வேல பாக்கணும்னு மேடைல வச்சு அறிவிப்பாங்க, புள்ளைய யாரும் கேக்க மாட்டாங்க. பத்தாவது முடிச்சிட்டு எந்த குரூப் எடுக்கறதுன்னு நிக்கற பசங்க உங்க மாடில இருக்காங்கல்ல, அவங்க இந்த அத்தியாயத்துல வாய மூட மாட்டாங்க பாருங்க. அதே மாதிரி "அனுப்பி வச்சிட்டாங்க"ன்னு சில பேர் அந்த ஊர்லேர்ந்து காணாமப் போவாங்க, எங்க போனாங்கன்னு யாரும் கேக்கறதில்ல. எனக்கு இத படிக்கும்போதெல்லாம் ஆத்தோரம் வீடு இடிச்சு பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் கொண்டு போன குடும்பங்க ஞாபகம்தான் வரும், வருஷ நடுவுல திடீர்னு ரிஜிஸ்டர்ல ஒரு பேர் நின்னு போவும், பக்கத்து சீட்டு புள்ள ஒரு வாரம் கேக்கும், அப்புறம் கேக்காது.

முடிவு பத்தி பசங்க கட்டாயம் சண்ட போடுவாங்க, ரெண்டு விதமா எடுத்துக்கலாம், நீங்க எதுன்னு சொல்லிடாதீங்க.

பெரம்பூர் லோகோ:

எல்லாரும் இங்கிலீஷ் புக்கே சொல்றீங்க. சுஜாதாவோட என் இனிய இயந்திரா யாருக்கும் ஞாபகம் வரலயா? 2021ல நடக்கற கதையா அப்பவே எழுதினது, ஜீவான்னு ஒரு சர்வாதிகாரி, எல்லாருக்கும் ரெண்டே எழுத்துல பேர், புள்ள பெத்துக்கவே அரசாங்கத்துகிட்ட பர்மிஷன் வாங்கணும். ஜீனோன்னு ஒரு ரோபோ நாய் வரும், பசங்க அத விட மாட்டாங்க. டீனேஜுக்குன்னு எழுதல, ஹீரோயின் நிலா கல்யாணம் ஆன பொண்ணு, ஆனா நாங்கெல்லாம் அத டீனேஜ்லதான் படிச்சோம். தமிழ் மீடியம் புள்ள யாரும் பக்கத்துல உக்காந்து அர்த்தம் சொல்லாம தானா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிக்கலாம், அது பெரிய விஷயம்.

கொருக்குப்பேட்டை பிளஸ் டூ:

அக்கா நான் பிளஸ் டூ படிக்கறேன், நீங்க எல்லாம் பெரியவங்க சொல்றீங்க, நான் அந்த வயசுலேர்ந்து சொல்றேன். ஹங்கர் கேம்ஸ், டைவர்ஜென்ட், மேஸ் ரன்னர், தி கிவர், ஷிப் பிரேக்கர் எல்லாம் படிச்சிட்டேன். டைவர்ஜென்ட் வேகமா போகும், ஆனா ஒரு ஊர் ஜனத்த குணத்த வச்சு அஞ்சா பிரிக்கறது எனக்கு நம்ப முடியல, மனுஷன் அப்படி ஒத்த குணத்துல இருக்க மாட்டான். மேஸ் ரன்னர்ல அந்த மேஸ், அதான் வழி தெரியாம சுத்த விடற சுவருங்க, அதுக்குள்ள இருக்கற வரைக்கும் செம, வெளிய வந்தப்புறம் எனக்கு ஆர்வம் போயிடுச்சு.

என் ஓட்டு ஷிப் பிரேக்கருக்கு. ஆனா காசிமேடு அண்ணன் சொன்ன காரணத்துக்கு இல்ல. எண்ணெய், கப்பல் எல்லாம் ஓகே, எனக்கு அதுல பெருசா பட்டது நெய்லரோட அப்பா. அவரு போதைல இருப்பாரு, அடிப்பாரு, சில நேரம் நல்லாவும் இருப்பாரு, அந்த நல்லா இருக்கற நேரத்துக்காக அவன் காத்துட்டு இருப்பான். வீட்டுக்குள்ள நொழையறதுக்கு முன்னாடி உள்ள எப்படி இருக்கார்னு பாத்துட்டு அப்புறம் நொழையறது இருக்குல்ல, அத எழுதினவருக்கு நல்லா தெரிஞ்சிருக்கு. என் ஃப்ரெண்டு ஒருத்தி வீட்ல அப்படிதான். அவளுக்கு புக்க குடுத்தேன், நாலே நாள்ல திருப்பி குடுத்தா, ஒண்ணும் சொல்லல, அப்புறம் ஒரு நாள் அவளே "ரத்த சொந்தம்னா எல்லாத்தையும் பொறுத்துக்கணும்னு இல்லல்ல"ன்னு கேட்டா. அந்த புக்குல அது வருது, கூட நிக்கறவங்கதான் குடும்பம்னு, அவன் கூட வேல செய்யற பீமாவும் அவ அம்மா சத்னாவும் அவனுக்கு எப்படி இருக்காங்கன்னு. வியாசர்பாடி மிஸ், நம்ம கஷ்டத்தையே காட்டணுமான்னு கேட்டீங்க. இது கஷ்டத்த காட்டறதோட நிக்கல மிஸ், வெளிய வர்ற வழி இருக்குன்னு காட்டுது, அதுவும் யாரோ பெரிய மனுஷன் வந்து தூக்கி விடாம.

தி கிவர் எனக்கு புடிச்சுது, ஆனா எட்டாவது படிக்கும்போது எனக்கு அது மெதுவா இருந்துச்சு, பத்தாவதுல திரும்பப் படிச்சப்பதான் பயமா இருந்துச்சு.

தண்டையார்பேட்டை வாசகி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ அக்கறையா எழுதுவீங்கன்னு நெனைக்கல. கொருக்குப்பேட்டை கண்ணு, நீ எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். அதனாலயே ஒரு சந்தேகம். என் குரூப்புல வீட்ல அப்படி இருக்கற புள்ளைங்க இருக்காங்க, யார் யார்னு எனக்கு தெரியும், மத்த பசங்களுக்கு தெரியாது. நான் சத்தமா படிக்கும்போது அப்பா அடிக்கற எடம் வந்தா அந்த புள்ளைக்கு எப்படி இருக்கும்? தனியா படிக்கறது வேற, பத்து பேர் நடுவுல உக்காந்து கேக்கறது வேற இல்லயா. ரத்தம், கொலை எவ்ளோ இருக்கு? எட்டாவது புள்ளைக்கு தாங்குமா? காசிமேடு தம்பி, இங்கிலீஷ் எப்படி, நான் நடுவுல தமிழ்ல சொல்லிட்டே போனா ஓட்டம் போயிடாதா?

காசிமேடு கடலோரம்:

நல்ல கேள்வி அக்கா. ரத்தம் இருக்கு, மறைக்க மாட்டேன். கத்திக் குத்து வரும், சாவு வரும், கடைசில பெரிய சண்ட. ஆனா ரசிச்சு ரசிச்சு எழுதினது இல்ல, அடிபட்டா வலிக்கும், புண்ணு வந்தா காய்ச்சல் வரும், காய்ச்சலுக்கு மருந்து வாங்க காசு வேணும், அந்த மாதிரி எழுத்து. எட்டாவது புள்ளைங்களுக்கு ஓகேன்னுதான் என் மனசுக்கு படுது, ஒன்பதாவதுக்கு மேல யோசிக்கவே வேணாம்.

அப்பா வர்ற எடங்க பத்தி, நான் ஒண்ணு சொல்றேன், தங்கச்சி சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கும் இது தோணுது. அந்த அத்தியாயங்கள சத்தமா படிக்காதீங்க. அதுக்கு முன்னாடி வர்ற எடத்துல நிறுத்திட்டு "அடுத்த அத்தியாயம் வீட்ல படிச்சிட்டு வாங்க, வேணாம்னா விட்டுடுங்க, நான் கதைய ரெண்டு வரில சொல்றேன்"னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிடுங்க, யாரையும் தனியா பாக்காதீங்க. படிச்சிட்டு வந்ததும் அப்பாவ பத்தி கேள்வி கேக்காதீங்க, சத்னாவ பத்தி கேளுங்க. பேச நெனைக்கற புள்ள அது வழியா பேசும். மாடிய விட்டு எறங்கும்போது கடைசியா ஒரு புள்ள செருப்பு மாட்டாம நின்னா நீங்களும் கொஞ்சம் நில்லுங்க, அவ்ளோதான்.

இங்கிலீஷ் கஷ்டம் இல்ல, வாக்கியம் சின்னது, கெட்ட வார்த்த கொஞ்சம் வரும் அத தாண்டிடலாம். வரிக்கு வரி தமிழ்ல சொல்லாதீங்க, அப்படி சொன்னா ரெண்டும் கெட்டுடும். ஒரு சீன் முழுசா நம்ம பேச்சுல முதல்ல சொல்லிடுங்க, நம்ம தெருவுல நடந்தத சொல்ற மாதிரி. அப்புறம் அதே சீன இங்கிலீஷ்ல படிங்க. கதை தெரிஞ்சுட்டா வார்த்தை தானா ஒட்டிக்கும். குழாய் சீன்ல லைட்ட அணைச்சிட்டு சொல்லிப் பாருங்க, எங்க தெரு பசங்ககிட்ட நான் அப்படிதான் சொன்னேன், பாதில ஒருத்தன் "அண்ணே மூச்சு முட்டுது"ன்னான்.

டூல்னு ஒரு கேரக்டர் வருவான், பாதி மனுஷன்னு சொல்லுவாங்க, மனுஷன், நாய், புலி எல்லாம் கலந்து லேப்ல உண்டாக்கினவன், முதலாளிக்கு அடிமையா இருக்கத்தான் பொறந்தவன், ஆனா இருக்க மாட்டேங்கறான். பசங்களுக்கு அவனதான் ரொம்ப புடிக்கும். அவனுக்காகவே அடுத்த புக்கு கேப்பாங்க, 2012ல ஒண்ணு, 2017ல ஒண்ணு வந்திருக்கு, ஆனா அந்த 2012 புக்குல போர், சிறுவர் படைன்னு கொடுமை ஜாஸ்தி, அத பெரிய பசங்களுக்கு மட்டும் குடுங்க.

வியாசர்பாடி டீச்சர்:

கொருக்குப்பேட்டை புள்ளைக்கு, நீ சொன்னத ஏத்துக்கறேன் கண்ணு. வெளிய வர்ற வழிய காட்டற கதைன்னா அது வேற. ஆனா தி கிவர விட மாட்டேன், அது ரெண்டாவது புக்கா வரட்டும், நீயே சொன்ன மாதிரி பத்தாவது பசங்களுக்கு. ஷிப் பிரேக்கர் முடிச்ச கையோட படிச்சா நல்லா சேரும், ஒண்ணுல எல்லாம் இல்லாத ஊரு, ஒண்ணுல எல்லாம் இருக்கற ஊரு, ரெண்டுலயும் புள்ளைங்க ஏன் ஓடறாங்கன்னு பசங்களே பேசிக்குவாங்க.

வாசகி மேடம், பெரம்பூர்காரர் சொன்னதையும் விட்டுடாதீங்க. தமிழ் மீடியம் புள்ளைங்க கைல வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு ஒரு புக்கு இருந்தே ஆகணும், இல்லன்னா உங்க வாய் வழியா மட்டும்தான் கதை கேப்பாங்க.

ராயபுரம் ரீடர்:

என் புக்கு தோத்துடுச்சுன்னு வருத்தம் இல்ல, அந்த சீட்டுக் கணக்க மட்டும் ஒரு சாயங்காலம் போட்டுப் பாருங்க, அது கொஞ்ச பக்கம்தான் வரும். ஷிப் பிரேக்கர நானும் படிச்சதில்ல, இப்ப படிக்கப் போறேன்.

தண்டையார்பேட்டை வாசகி:

சரி, முடிவு பண்ணிட்டேன். ஷிப் பிரேக்கர்ல ஆரம்பிக்கறோம், குழாய் சீன தம்பி சொன்ன மாதிரி முதல்ல நம்ம பேச்சுல, அப்புறம் இங்கிலீஷ்ல. அப்பா வர்ற அத்தியாயங்கள தாண்டிட்டு வீட்டுக்கு குடுக்கறேன். என் இனிய இயந்திரா ரெண்டு காப்பி வாங்கி சுத்துல விடறேன், யார் வேணா எடுத்துட்டுப் போகட்டும். மழைக்காலம் முடிஞ்சதும் பெரிய பசங்களோட தி கிவர், டீச்சர், அன்னிக்கு நீங்களும் வரணும், அந்த கலர் எடத்த நீங்கதான் நடத்தணும். கொருக்குப்பேட்டை கண்ணு, உனக்கு பரீட்சை இல்லாத ஞாயிறு பாத்து நீயும் வா, பசங்க நான் சொன்னா கேக்கறத விட நீ சொன்னா நல்லா கேப்பாங்க.

ஒரே ஒரு உதவி. ஷிப் பிரேக்கர் என்கிட்ட வரப்போறது ஒரு காப்பிதான், பத்து பேருக்கு பத்தாது, அதுவும் அத்தியாயத்த வீட்டுக்கு குடுக்கணும்னா இன்னொண்ணாவது வேணும். யார்கிட்டயாவது படிச்சு முடிச்ச காப்பி இருந்தா ரெண்டு மாசத்துக்கு இரவல் குடுங்க, அட்ட போட்டு பத்திரமா திருப்பித் தந்துடறேன். வண்ணாரப்பேட்டை மெட்ரோகிட்ட வந்து வாங்கிக்கறேன், இல்ல விம்கோ நகர் வரைக்கும் கூட வரேன், ஆறு மணிக்கு மேல எப்ப சொன்னாலும் சரி.